பறைக்குழு கலையாமல் நடக்க: முதல் நாளிலிருந்து பதினைந்து ஆண்டுகளைத் தாண்டும் வரை ஒரு வழிகாட்டி

எங்கள் குழுவின் பழைய நோட்டில் முதல் பக்கத்தில் ஆறு பெயர் இருக்கிறது. 2009 தை மாதம் எழுதியது. அந்த ஆறு பேரில் நாலு பேர் இன்றும் ஞாயிறு சாயங்காலம் பறையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறோம். மொத்தம் இப்போது பதினேழு பேர். எங்களில் ஒருவருக்கும் இது பிழைப்பு இல்லை. ஒருவர் தபால்காரர், இரண்டு பேர் டீச்சர், ஒருவர் லேத் பட்டறை, ஒருவர் மருந்துக்கடை, நாலைந்து பேர் கல்லூரிப் பிள்ளைகள். நான் ஒரு அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன்.

மதுரைப் பக்கம் நிகழ்ச்சிக்குப் போகும்போதெல்லாம் யாராவது வந்து கேட்பார்கள்: "நாங்களும் ஒரு குழு ஆரம்பிக்கணும்ணே, எப்படி ஆரம்பிக்கிறது?" ஆரம்பிப்பது பெரிய காரியமில்லை. ஒரு விழா வருகிறது, பத்துப் பேர் சேர்ந்து மூன்று மாதம் பழகுகிறார்கள், மேடையில் நன்றாகவே அடிக்கிறார்கள், கைதட்டு வாங்குகிறார்கள். அடுத்த மாதம் நாலு பேர் வருகிறார்கள், அதற்கடுத்த மாதம் யாரும் இல்லை. இப்படிக் கலைந்த குழுக்கள் எனக்குத் தெரிந்தே நிறைய. ஆரம்பித்ததை நிறுத்தாமல் நடத்துவது எப்படி என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். குழுவைப் பிடித்து வைத்திருப்பது மேடை இல்லை, பயிற்சி நாள்தான். இதை நம்பினால் மற்ற எல்லாவற்றுக்கும் வழி கிடைக்கும்.

1. பறை வாங்கும் முன் ஆள் சேருங்கள்

பத்துப் பேர் நின்று ஆட வேண்டுமென்றால் பதினாறு பேர் வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் குழுவில் இது தவறாத கணக்கு. ஒருவருக்கு இரவு ஷிப்ட், ஒருவர் பிள்ளைக்குக் காய்ச்சல், ஒருவர் ஊரில் இல்லை. பத்தே பேர் இருந்தால் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ஆளைக் கெஞ்சிக் கூப்பிட வேண்டியிருக்கும், அந்தக் கெஞ்சலில்தான் முதல் மனக்கசப்பு வரும்.

கை வேகம் உள்ளவரைத் தேடாதீர்கள். நேரத்துக்கு வருகிறவரைத் தேடுங்கள். எங்கள் தபால்கார அண்ணனுக்கு முதல் அடி, அதாவது முதல் தாளக்கட்டு, கைக்கு வர எட்டு மாதம் ஆனது. ஆனால் அந்த எட்டு மாதத்தில் ஒரு ஞாயிறுகூட அவர் தவறவில்லை. இன்றைக்கு எங்கள் எல்லோருக்கும் தாளத்தை இழுத்துப் பிடித்து நிறுத்துகிறவர் அவர்தான். ஆரம்பத்தில் எங்களைவிட நன்றாக அடித்த இரண்டு பேர் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

ஆணும் பெண்ணும் சேர்ந்த குழுவாக ஆரம்பத்திலேயே அமையட்டும். 'பொம்பளைப் பிள்ளைங்க பறை அடிக்கலாமா' என்று இன்னும் கேட்கிற ஊர்கள் இருக்கின்றன. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் அந்தக் கேள்விக்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே பறையாலேயே பதில் சொல்லிவிட்டார்கள். ஆனால் பெண்கள் இருக்கும் குழு என்றால் சில வேலைகளை நீங்கள் முன்கூட்டியே செய்தாக வேண்டும். நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொள்ளும்போதே உடை மாற்ற அறை இருக்கிறதா, கழிப்பறை இருக்கிறதா, இரவு எத்தனை மணிக்கு முடியும், வண்டி வீட்டு வாசல் வரை வருமா என்று கேட்டுவிடுங்கள். இதற்குப் பதில் வராத இடத்துக்கு நாங்கள் போவதில்லை.

2. ஆசானிடம் போய்க் கற்றுக்கொள்ளுங்கள்

யூடியூபில் எல்லா அடியும் இருக்கிறது. கையை எப்படி வைப்பது, காலை எப்படி வைப்பது என்று பார்த்தே கற்கலாம்தான். இருந்தாலும் பரம்பரையாக அடிக்கிற ஒரு கலைஞரிடம் போங்கள். அவர் உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே இருப்பார். திருவிழாவிலும் சாவு வீட்டிலும் பார்த்திருப்பீர்கள், பெயர் கேட்டிருக்க மாட்டீர்கள்.

பறையை நாம் 'பண்பாடு' என்று கையில் எடுப்பதற்கு முன்னால் அதை அவமானத்தோடு சேர்த்துச் சுமந்தவர்கள் அவர்கள். தொல்காப்பியம் திணைகளின் கருப்பொருளைச் சொல்லும்போது தெய்வம், உணவு என்று சொல்லி அதே வரிசையில் பறையையும் வைக்கிறது. அதே கருவியை ஒரு மக்கள் கூட்டத்தின் தலையில் இழிவாகச் சுமத்தியதும் இதே மண்தான். பறைக் கலைஞர் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவித்தபோது நாங்கள் பயிற்சித் திடலில் இனிப்பு வாங்கிக் கொடுத்துக் கொண்டாடினோம். அந்த மரியாதை நம் ஊர் ஆசானுக்கும் வர வேண்டுமென்றால் அதை முதலில் நாம் கொடுக்க வேண்டும்.

கொடுப்பது என்றால் சும்மா காலில் விழுவது இல்லை. அவர் சொல்லிக்கொடுக்கும் நாளுக்குக் கூலி பேசிக் கையில் கொடுங்கள். 'கலைக்கு விலை உண்டா' என்று பேசுகிறவர்கள் பெரும்பாலும் கொடுக்க வேண்டிய பக்கம் இருப்பவர்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் அவர் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். பதியவில்லை என்றால் விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள், அலுவலகத்துக்குக் கூடப் போங்கள். படித்தவர்கள் குழுவில் இருப்பதன் பயன் அங்கே தெரியட்டும்.

3. பறையும் நெருப்பும்

பறையின் சட்டம் வேப்பமரத்தில் செய்வது. மூன்று வளைந்த துண்டுகளைச் சேர்த்து வட்டமாக்கி, இரும்புத் தகடு வைத்துப் பிணைப்பார்கள். குறுக்களவு ஏறக்குறைய 14 அங்குலம். அதன்மேல் மாட்டுத்தோலைப் புளியங்கொட்டைப் பசை கொண்டு ஒட்டி, வாரால் இழுத்துக் கட்டுவார்கள். குச்சி இரண்டு. இடக்கையில் பிடிப்பது மூங்கிலில் சீவிய நீளமான, மெல்லிய சுண்டுக்குச்சி. வலக்கையில் பிடிப்பது குட்டையான, தடித்த அடிக்குச்சி. பெரும்பாலும் பூவரசு.

இப்போது ஃபைபர் தோல் போட்ட பறை எல்லா ஊரிலும் கிடைக்கிறது. மழைக்குப் பயமில்லை, காய்ச்ச வேண்டாம், பிள்ளைகள் பழக வசதி. எங்களிடமும் நாலு இருக்கிறது. ஆனாலும் குழுவில் பாதிக்கு மேல் தோல் பறையாக இருக்கட்டும் என்பேன். ஓசைக்காக மட்டும் சொல்லவில்லை. தோல் பறை என்றால் அடிப்பதற்கு முன் காய்ச்சியாக வேண்டும், காய்ச்ச வேண்டுமென்றால் எல்லோரும் ஒரு நெருப்பைச் சுற்றி நிற்க வேண்டும். எங்கள் குழுவில் எத்தனையோ பேச்சு அந்தப் பதினைந்து நிமிடத்தில்தான் நடந்திருக்கிறது. வேலை போனவர் அதைச் சொன்னது அங்கேதான். டீச்சர் அக்கா மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்த செய்தி வந்ததும் அங்கேதான். நெருப்பைப் பார்த்துக்கொண்டு பேசும்போது ஆள் முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. சொல்லத் தயங்குகிறவருக்கு அது பெரிய உதவி.

காய்ச்சும் முறை இதுதான். வைக்கோலோ காய்ந்த ஓலையோ போட்டுச் சின்னதாக, சுடர் எழும்பும் நெருப்பாக மூட்டுங்கள். பறையின் தோல் பக்கத்தை நெருப்புக்குக் காட்டி, முழங்கால் உயரத்தில் பிடித்து, சுற்றிக்கொண்டே இருங்கள். ஒரே இடத்தில் காட்டினால் அங்கே மட்டும் தோல் பொரிந்து, அடித்த அரை மணியில் கிழியும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நெருப்பிலிருந்து எடுத்து விரலால் சுண்டிப் பாருங்கள். 'தொப்' என்றால் இன்னும் ஈரம். கணீர் என்று ஓசை நிமிர்ந்தால் போதும். அதற்கு மேல் ஒரு சுற்றுக் காட்டினாலும் ஆபத்து. ஐப்பசி, கார்த்திகையில் நிகழ்ச்சி நடுவிலேயே தோல் தளர்ந்துவிடும். மேடைக்குப் பின்னால் ஒருவர் நெருப்போடு நிற்க வேண்டும். அந்த வேலைக்கு ஆளை முன்னாலேயே குறித்துவிடுங்கள்.

வெயிலில் நிற்கும் காருக்குள் பறையை விட்டுவிடாதீர்கள். சித்திரை வெயிலில் அப்படி விட்டு, நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் தோல் இரண்டாக வெடித்துக் கிடந்தது. ஆசான் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை, திருப்பித் தந்துவிட்டார். அந்த மௌனம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

காதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 85 டெசிபெல் ஓசையில் ஒரு நாளில் 8 மணிநேரம் வரை இருக்கலாம் என்பது வேலையிடப் பாதுகாப்புக் கணக்கு. ஒவ்வொரு 3 டெசிபெல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகிவிடும். பத்துப் பறை ஒன்றாக முழங்கும் இடம் அதையெல்லாம் தாண்டியது. மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு நுரை அடைப்பான் போதும். பயிற்சியில் கட்டாயம் போடச் சொல்லுங்கள்.

4. ஒரே கிழமை, ஒரே நேரம், ஒரே இடம்

எங்களுக்கு ஞாயிறு சாயங்காலம் நாலரை மணி. ஒரு பள்ளிக்கூடத் திடல், ஓரத்தில் வேப்பமரம். நிகழ்ச்சி இருந்தாலும் இல்லாவிட்டாலும், இரண்டே பேர் வந்தாலும் பயிற்சி உண்டு. 'இந்த வாரம் எல்லாருக்கும் சவுகரியமான நாள் எது' என்று வாட்ஸ்அப்பில் கேட்க ஆரம்பித்த குழு ஆறு மாதம் தாங்காது. எல்லோருக்கும் சவுகரியமான நாள் என்று ஒன்று கிடையாது. கிழமை மாறாமல் இருந்தால் மனிதர்கள் தங்கள் வாழ்க்கையை அதைச் சுற்றி மாற்றிக்கொள்வார்கள். எங்கள் லேத் பட்டறைத் தம்பி பெண் பார்க்கப் போகும்போதே 'ஞாயிறு சாயங்காலம் எனக்குப் பயிற்சி' என்று சொல்லிவிட்டான்.

இடம் குடியிருப்புக்கு நடுவில் வேண்டாம். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு முன்கூட்டியே போய்ச் சொல்லுங்கள், தேர்வு மாதங்களில் சீக்கிரம் முடித்துவிடுங்கள். ஒலிபெருக்கி வைக்கிற நிகழ்ச்சி என்றால் இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் கூடாது என்பது சட்டம். ஏற்பாடு செய்கிறவர் 'பார்த்துக்கலாம்' என்பார். நேரத்தை நீங்களே பேசி முடித்துவிடுங்கள்.

பயிற்சி ஒன்றரை மணி நேரம். பிறகு பருத்திப்பால். மதுரையில் இருப்பதால் அது எங்களுக்கு வாய்த்தது. உங்கள் ஊரில் எது கிடைக்கிறதோ அது. அதைக் குடிக்காமல் யாரும் கிளம்பக்கூடாது என்று வைத்திருக்கிறோம்.

2020 மார்ச்சில் எல்லாம் நின்றபோது வீடியோ அழைப்பில் சேர்ந்து அடித்துப் பார்த்தோம். முடியாது. ஒருவர் அடி இன்னொருவருக்கு நொடியில் ஒரு பங்கு தாமதமாகப் போய்ச் சேர்கிறது, அவர் அதற்கேற்பப் பின்வாங்க, இவர் இன்னும் பின்வாங்க, நாலாவது சுற்றில் தாளமே இல்லை. அதனால் வேறு வழி வைத்தோம். ஞாயிறு நாலரைக்கு அவரவர் மொட்டைமாடியில் பத்து நிமிடம் ஒற்றையடி என்ற எளிய அடி. ஒருவருக்கொருவர் கேட்காது. ஆனால் மற்ற எல்லோரும் அதே நேரத்தில் அதையே அடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியும். ஊரடங்கு முடிந்து திடலுக்கு வந்தபோது ஒருவர்கூடக் குறையவில்லை.

5. அடி பழகுவது, அடுத்தவரைக் கேட்பது

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள்.

எந்த அடியையும் முதலில் வாயால் சொல்லுங்கள். வாயில் வராத அடி கையில் வராது. வலக்கைக் குச்சிக்கு 'த', இடக்கைக் குச்சிக்கு 'கு' என்று நாங்கள் வைத்துக்கொண்டோம். ஊருக்கு ஊர், ஆசானுக்கு ஆசான் சொல் மாறும். உங்கள் ஆசான் சொல்வதை அப்படியே பிடித்துக்கொள்ளுங்கள். வாய், அப்புறம் கைத்தட்டு, அப்புறம் காலடி, கடைசியில்தான் பறை. ஒற்றையடி, சாமிச்சாட்டு அடி, சப்பரத்து அடி, மருளடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது, ஒரு இடம் இருக்கிறது. அது எங்கே, எதற்காக அடிப்பது என்று தெரிந்துகொண்டு அடித்தால்தான் அதில் உயிர் இருக்கும். முதல் ஆண்டு நாலு அடி போதும்.

எல்லாப் புதுக் குழுவுக்கும் ஒரே வியாதி, ஓட்டம். மெதுவாக ஆரம்பித்து, உற்சாகம் ஏற ஏற வேகம் கூடி, ஐந்தாவது நிமிடத்தில் ஆடுகிறவர் காலால் பிடிக்க முடியாத இடத்துக்குப் போய்விடும். எல்லோரும் ஓடுவதால் ஓடுவது யாருக்கும் தெரியாது. போனில் சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் மெட்ரோனோம் செயலி போட்டு நிமிடத்துக்கு 80 என்று வைத்து, ஒற்றையடியை மட்டும் பத்து நிமிடம் அடியுங்கள். அலுப்புத் தட்டும். அடியுங்கள்.

அடுத்த பயிற்சி: குழுவை இரண்டாகப் பிரித்து எதிரெதிரே நிற்க வையுங்கள். ஒரு பக்கம் ஒற்றையடியை விடாமல் பிடித்துக்கொள்ளட்டும், மறு பக்கம் அதன் இடைவெளியில் விழுகிற அடியை நிரப்பட்டும். அடித்து முடித்ததும் பக்கம் மாற்றுங்கள். நிரப்புவதுதான் எல்லோருக்கும் பிடிக்கும், காதுக்கு எடுப்பாகத் தெரியும். ஆனால் வெறும் ஒற்றையடியைப் பத்து நிமிடம் அசையாமல் பிடித்துக்கொண்டு அடுத்தவர் விளையாட இடம் கொடுக்கிறவர்தான் குழுவைத் தாங்குகிறவர். யாரை எங்கே நிறுத்துவது என்று இந்தப் பயிற்சியிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாவது, எங்கள் ஆசான் விட்டுப்போனது. எல்லோரும் வட்டமாக நின்று கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். ஒற்றையடி எட்டு எண்ணிக்கை அடிக்க வேண்டும், பிறகு எட்டு எண்ணிக்கை மௌனம், பிறகு எல்லோரும் ஒன்றாக ஒரே அடி. காலால் தட்டக்கூடாது, தலை ஆட்டக்கூடாது. முதல் முறை செய்தபோது அந்த ஒரு அடி சரளைக்கல் கொட்டியது போல விழுந்தது. கல்லூரித் தம்பி ஒருவன் முந்திக்கொண்டே இருந்தான், டீச்சர் அக்கா பிந்திக்கொண்டே இருந்தார். ஆசான் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினார். "அவ மூச்ச நீ கேளு, உன் மூச்ச அவ கேக்கட்டும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிறு பதினோரு பறையும் ஒரே பறையாக விழுந்தது. கண்ணைத் திறந்து ஒருவரை ஒருவர் பார்த்தோம், யாருக்கும் பேச்சு வரவில்லை. இன்றும் பயிற்சியைத் தொடங்கும்போது முதலில் அதைத்தான் செய்கிறோம். அன்றைக்கு யார் மனசு சரியில்லாமல் வந்திருக்கிறார்கள் என்பது அந்த ஒன்பதாவது அடியில் தெரிந்துவிடும். முடிந்ததும் அவர் பக்கத்தில் போய் நின்று கொள்வோம்.

முன்னால் நின்று அடி மாற்றுகிறவரை நாங்கள் முன்னத்தி என்கிறோம். முன்னத்தி ஏர் போகிற வழியில்தானே மற்ற ஏர் எல்லாம் போகும். ஒருவரே எப்போதும் முன்னத்தியாக இருந்தால் அவர் வராத நாளில் குழு நிற்கும், அவருக்கும் தலைக்கனம் ஏறும். எங்களுக்கு ஆண்டுக்கு ஒருவர்.

6. பாட்டு சேர்ப்பது

பறையோடு பாட்டும் வேண்டும். தெம்மாங்கு, கும்மி, நடவுப்பாட்டு, தாலாட்டு எல்லாம் உங்கள் குழுவில் இருப்பவர்களின் அம்மாவுக்கும் ஆத்தாவுக்கும் தெரியும். நாட்டுப்புறப் பாடகி விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணனும் அவர் கணவரும் ஊர் ஊராகப் போய் நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டினார்கள், மேடையிலும் பாடினார்கள். அந்த அளவுக்கு நம்மால் முடியாவிட்டாலும் ஆளுக்கு ஒரு பாட்டு முடியும்.

போனைத் தூக்கிக்கொண்டு போய் 'பாடுங்க பாட்டி' என்றால் பாட்டு வராது. வேலையோடு வந்த பாட்டு அது, வேலை நடுவில்தான் வரும். கூட உட்கார்ந்து அவரைக்காய் உரிக்க வேண்டும், வெங்காயம் ஆய வேண்டும். பதிவு செய்கிறோம் என்று சொல்லிவிட்டுப் பதிவு செய்யுங்கள். வார்த்தையைத் திருத்தாதீர்கள். மேடையில் பாடும்போது யாரிடம் கற்றது என்று ஊரையும் பெயரையும் சொல்லுங்கள். முடிந்தால் அந்தப் பாட்டியையே கூட்டிவந்து முன்வரிசையில் உட்கார வையுங்கள்.

7. எல்லோர் வீட்டிலும் கை நனையுங்கள்

எங்கள் குழுவில் பல சாதிக்காரர்கள் இருக்கிறோம். முதல் ஆண்டு அதைப் பற்றி யாரும் பேசவில்லை. பேசாமல் இருப்பதுதான் நாகரிகம் என்று நினைத்தோம். பிறகு ஒருவர் வீட்டில் 'பறையெல்லாம் வீட்டுக்குள்ள கொண்டாராத' என்றார்கள். இன்னொருவருக்கு வாடகைக்கு வீடு கொடுத்தவர் காலி செய்யச் சொன்னார். அப்போதுதான் நெருப்பைச் சுற்றி நின்று பேசினோம். சிலருக்கு இது புதிதாக வந்த வருத்தம், சிலருக்குப் பிறந்ததிலிருந்து இருப்பது. அந்த வித்தியாசத்தைக் கேட்டுக்கொள்ள எங்களுக்கு ஒரு முழு சாயங்காலம் பிடித்தது. கேட்டவர்கள் குறுக்கே பேசவில்லை. அன்றைக்குப் பறை அடிக்கவே இல்லை.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்தோம். மாதம் ஒருமுறை பயிற்சி முடிந்து ஒருவர் வீட்டில் சாப்பாடு. முறை வைத்து எல்லோர் வீட்டுக்கும் போக வேண்டும், யார் வீடும் விடுபடக்கூடாது. ரசம் சோறு என்றாலும் சரி. பறையும் வீட்டுக்குள் வரும். இதற்கு ஒத்துவராத இரண்டு பேர் விலகினார்கள். அந்த இழப்பு நல்லதுக்குத்தான்.

சாவுக்கு அடிப்பதா வேண்டாமா என்பதையும் முதல் ஆண்டிலேயே பேசி முடிவெடுங்கள். சாதி சுமத்திய வேலை என்பதால் சாவுக்கு அடிப்பதையே விட்டுவிட்ட கலைஞர்கள் இருக்கிறார்கள், அந்த முடிவுக்குப் பின்னால் பெரிய போராட்டம் இருக்கிறது. அதையே நம்பிப் பிழைக்கிறவர்களும் இருக்கிறார்கள். நாங்கள் கூலிக்குச் சாவு வீட்டில் அடிப்பதில்லை. அது ஒருவர் பிழைப்பில் கை வைப்பது. எங்கள் குழுவில் ஒருவர் வீட்டில் சாவு விழுந்து, அவர்களே கேட்டால் மட்டும் அடிப்போம்.

எங்கள் ஆசான் 2017இல் இறந்தார். அவர் மகன் வந்து, "அப்பாவுக்கு நீங்கதான் அடிக்கணும்" என்றார். வாழ்நாளெல்லாம் ஊரார் சாவுக்கு அடித்தவருக்கு அன்று ஒரு டீச்சரும் தபால்காரரும் கணக்கரும் அடித்தோம். காடு வரைக்கும் போனோம். வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஆசான் நடந்து போன காலத்தில் அந்தத் திண்ணையில் யாரும் எழுந்ததாக அவர் மகனுக்கு ஞாபகம் இல்லை.

8. பணம்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் எழுத்தில் வையுங்கள். மாதச் சந்தா எல்லோருக்கும் ஒன்று, எங்களுக்கு 100 ரூபாய். மாணவர்களுக்குக் கிடையாது. நிகழ்ச்சியில் வருகிற பணத்தில் முதலில் வண்டி, சாப்பாடு. அடுத்தது ஆசானின் பங்கு. ஆசான் போன பிறகு அது அவர் வீட்டுக்குப் போகிறது. மிச்சம் பொதுப்பணம். அதிலிருந்து தோல் மாற்றுவது, உடை, யாருக்காவது ஆஸ்பத்திரிச் செலவு. தனித்தனியாகப் பிரித்துக்கொள்வதில்லை. கணக்கு நோட்டு பயிற்சித் திடலுக்கு வர வேண்டும், யார் வேண்டுமானாலும் புரட்டலாம்.

பிழைப்புக்கு அடிக்கும் கலைஞர்களைவிடக் குறைந்த தொகைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். நமக்கு மாதச் சம்பளம் இருக்கிறது, 'சும்மாவே அடிக்கிறோம்' என்று போனால் அந்த ஊரில் அவர்களுக்குக் கிடைத்துவந்த கூலியும் இறங்கும். கல்யாணம், கடை திறப்பு என்று கேட்டு வந்தால் அந்தக் கலைஞர்களின் போன் நம்பரைக் கொடுத்து அனுப்புகிறோம். பள்ளி, நூலகம், போராட்டம், ஊர்ப் பொங்கல் ஆகியவற்றுக்குத்தான் நாங்கள் போகிறோம்.

ஒருமுறை வெளியூர் விழா ஒன்றில் பேசிய தொகையில் பாதியைக்கூடக் கொடுக்கவில்லை. அன்றைக்கு வண்டிச் செலவு எங்கள் கையிலிருந்து போனது. பாதி முன்பணம் வராமல் வண்டி ஏறுவதில்லை என்று அதற்குப் பிறகு எழுதி வைத்தோம்.

9. சண்டை வரும்

வாட்ஸ்அப்பில் சண்டையைத் தீர்க்காதீர்கள். எங்கள் குழுவில் வாட்ஸ்அப் நேரம், இடம், வண்டிக்கு மட்டும். மனத்தாங்கல் இருந்தால் ஞாயிறு வரை பொறுத்து நேரில் சொல்ல வேண்டும். பாதிச் சண்டை ஞாயிறுக்குள் ஆறிவிடும். ஆறாதது பேச வேண்டிய சண்டை.

எங்களுக்கு வந்த பெரிய சண்டை 2014இல். இரண்டு பேர் குழுவின் பெயரைச் சொல்லித் தனியாக ஒரு நிகழ்ச்சிக்குப் போய்விட்டார்கள். விஷயம் தெரிந்ததும் ஆளாளுக்குப் பேசினோம், சொல்லக் கூடாததையும் சொன்னோம். அடுத்த ஞாயிறு அந்த இரண்டு பேரும் வந்தார்கள், நாங்களும் வந்தோம், யாரும் யாரையும் பார்க்கவில்லை. ஆசான் ஒன்றும் விசாரிக்கவில்லை. "காச்சுங்க" என்றார். காய்ச்சினோம். ஒரு மணி நேரம் ஒற்றையடி மட்டும் அடிக்க வைத்தார். கை ஓய்ந்து உட்கார்ந்த பிறகுதான் பேசச் சொன்னார். ஒருவர் வீட்டில் அப்போது கடன் நெருக்கடி, வாய்விட்டுக் கேட்கக் கூச்சம். பொதுப்பணத்திலிருந்து ஆத்திர அவசரத்துக்கு உறுப்பினருக்கு வட்டியில்லாமல் கொடுக்கலாம் என்ற விதி அன்றைக்கு வந்தது. உங்கள் குழுவில் அதை முதல் நாளே வைத்துவிடுங்கள்.

10. போகிறவரும் வருகிறவரும்

கல்யாணம், மாற்றல், பிரசவம், வெளிநாடு என்று ஆள் போவதைத் தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. போகிறவரை 'விட்டுட்டுப் போறான்' என்று பேசினால் அவருக்குத் திரும்பி வர முகம் இருக்காது. நோட்டிலிருந்து பெயரை அடிக்காதீர்கள். பிள்ளை பெற்று வருகிற பெண்கள் கைக்குழந்தையோடு திடலுக்கு வரட்டும், யாராவது ஒருவர் எட்டக் கொண்டுபோய் வைத்திருக்கட்டும். எங்கள் திடலில் அப்படி வளர்ந்த ஒரு பிள்ளை இப்போது ஆறாம் வகுப்பு படிக்கிறாள், சுண்டுக்குச்சி பிடிக்கிறாள். புதிதாக வருகிறவருக்கு ஒரு பழைய ஆளைத் துணைக்குக் கொடுங்கள். முதல் மாதம் பறை கிடையாது, காய்ச்சுவதும் கைத்தட்டும்தான்.

போனவருடைய பறையை விற்காதீர்கள், வேறொருவருக்கும் கொடுக்காதீர்கள். ஆனால் அதைச் சும்மா தொங்க விடவும் கூடாது. அடிக்காத தோலில் பூச்சி விழும், ஈரம் ஏறிப் பசை விட்டுப்போகும். மாதம் ஒருவர் என்று முறை வைத்து எடுத்து, துடைத்து, காய்ச்சி, ஒரு கால் மணி நேரம் அடித்து, துணிப்பையில் போட்டு வையுங்கள்.

எங்கள் முதல் ஆறு பேரில் ஒருவர் வளைகுடாவுக்கு வேலைக்குப் போய் எட்டு ஆண்டு இருந்தார். போன ஆவணியில் ஒரு ஞாயிறு சொல்லாமல் கொள்ளாமல் திடலுக்கு வந்து நின்றார். அவர் பறையைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தோம். ஓரத்தைத் தடவிப் பார்த்தார், வாரை இழுத்துப் பார்த்தார், விரலால் சுண்டினார். கணீர் என்றது.

"யாருப்பா காய்ச்சுனது?" என்றார்.

நோட்டைக் காட்டினோம். மாதத்துக்கு ஒரு பெயராக எட்டு ஆண்டுப் பெயர் இருந்தது. அவர் முகமே தெரியாத கல்லூரிப் பிள்ளைகளின் பெயரும் அதில் இருந்தது. வெகுநேரம் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே இருந்துவிட்டு, "புரட்டாசிக்கு யாரு பறைடா பாக்கி? என் பேரைப் போடுங்க" என்றார்.